நிலத்தோடு சேர்த்து வீடு வாங்கியவர்கள்: வட கரோலினா அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் புனைபெயர்)

பைன்காடு

சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவை மதிப்பீட்டாளர் திறந்த அந்த நொடி, மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கேஸ்வெல் கவுண்டியில் (இங்குள்ள மாவட்டம்) 12 ஏக்கர், அதில் பாதி பைன் மரங்கள், நடுவே மூன்று படுக்கையறை மாடுலர் வீடு, அதாவது மாநிலக் கட்டட விதிப்படி ஆலையில் பகுதிகளாகச் செய்து நிலத்தில் பொருத்தும் வீடு என்று விளம்பரம் சொன்னது. வங்கியும் மாடுலர் வீடு என்ற கணக்கில்தான் கடனுக்கு ஒப்புதல் தந்திருந்தது. மதிப்பீட்டாளர் குனிந்து டார்ச் விளக்கை அடித்து, கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த, மஞ்சளேறிய ஒரு தாளை நிதானமாகப் படித்தார். காற்று மண்டலத்தையும் கூரை தாங்கும் சுமையையும் காட்டும் சிறிய வரைபடங்கள் அதில் இருந்தன. பிறகு நிமிர்ந்து, "இது ஹட் வீடு" என்று மட்டும் சொன்னார். மாநில விதிப்படி அல்லாமல், மத்திய அரசின் வீட்டு வசதித் துறை (HUD) விதிப்படி ஆலையில் கட்டிக் கொண்டுவரும் வீட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

வீட்டின் அடியில் தவழ்ந்து பார்த்தபோது, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இரும்பு உத்தரங்கள் ஓடுவதை என் கண்ணாலேயே கண்டேன். பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வங்கி பின்வாங்கியது. விற்பவரிடம் நேரடியாகக் கொடுத்திருந்த டியூ டிலிஜென்ஸ் கட்டணம் (வீட்டைச் சோதித்துப் பார்க்கும் அவகாசத்துக்கானது) 4,000 டாலர் திரும்பவில்லை. எனவே எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் வீட்டின் அடியில் பாருங்கள், இரும்பு தெரிந்தால் விலகிவிடுங்கள்.

செம்மண்

எங்களுக்கு வீட்டில் ஒரு குறையும் இல்லை, சிக்கல் மண்ணுக்குள் இருந்தது. என் மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்பதால்தான் மூன்று படுக்கையறை தேடினோம். கிணற்று நீரைச் சோதித்தோம், கோலிஃபார்ம் கிருமியும் இல்லை, நைட்ரேட்டும் வரம்புக்குள் இருந்தது. செப்டிக் தொட்டியையும் திறந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பத்திரம் முடிந்த பிறகு, வேறொரு வேலையாகக் கவுண்டியின் சுகாதார அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அம்மையார் பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பென்சிலால் வரைந்த படம், அதன் ஓரத்தில் "2 படுக்கையறை" என்ற குறிப்பு. ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 120 காலன் கழிவுநீர் என்பது இங்குள்ள கணக்கு. ஆக 240 காலனுக்கு அனுமதி பெற்ற அமைப்பின் மேல் நாங்கள் ஆறு பேர் குடியேறியிருந்தோம். மூன்றாவது அறை, பழைய உரிமையாளர் பின்னர் தடுத்து எடுத்தது.

அந்தப் படத்தில் கழிவுநீர்க் குழாய் வரிசைக்குப் பக்கத்தில், பழுதானால் மாற்றிப் போடுவதற்கென்று ஒதுக்கிய காலி இடம் இருந்தது. இப்போது அந்த இடத்தில்தான் கான்கிரீட் தளம் போட்ட கொட்டகை நிற்கிறது. இந்த மாநிலத்துச் செம்மண்ணின் களித்தன்மை தெரிந்தவர்களுக்கு, மாற்றிடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தெரியும். மண் ஆய்வாளர் மூன்று இடங்களில் துளையிட்டுப் பார்த்தார். ஒன்று மட்டுமே தேறியது, அதுவும் கிணற்றிலிருந்து 100 அடிக்குச் சற்றே கூடுதலான தூரத்தில்.

எல்லைக்கல்

பைன்காடு நண்பர் பட்ட இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அவர் சொன்ன முடிவு தவறு, அதை அப்படியே விட்டால் நல்ல வீட்டைக் கைவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். இரும்புச் சட்டத்தின் மேலேயே நிற்கும் மாடுலர் வீடுகளும் உண்டு, என் வீடே அப்படிப்பட்டதுதான். மாநிலக் கட்டட விதிப்படி கட்டியதற்கான முத்திரை அதில் இருக்கிறது. சில வங்கிகள் அதற்கும் தயங்கும் என்பது உண்மை, எனினும் அது ஹட் வீடு ஆகிவிடாது. 1976 ஜூன் 15 முதல் மத்திய அரசின் ஹட் விதிப்படி கட்டிய வீட்டில், ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு உலோகத் தகடு அடித்திருப்பார்கள். பார்க்க வேண்டியது அந்தத் தகட்டையும் முத்திரையையும்தான், உத்தரத்தை அல்ல.

ஹட் வீடாக இருந்தாலும் வாங்கவே கூடாது என்பதில்லை. அதற்கு வண்டியைப் போல மோட்டார் வாகனத் துறையின் டைட்டில் (உரிமைச் சான்று) இருக்கும். நிலத்தின் பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய பின்னும் வீட்டின் டைட்டில் பழைய ஆள் பெயரிலேயே கிடக்கலாம். அந்த டைட்டிலை ஒப்படைத்து ரத்து செய்து, அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தைக் கவுண்டியின் பத்திரப் பதிவகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பைன் மரம் நிற்கும் நிலத்தில் இது பெரிய தொகை. நிலம் தற்பயன் மதிப்பில், அதாவது சந்தை விலையை விட்டு இப்போதைய விவசாய அல்லது மரவளர்ப்புப் பயனை வைத்துப் போடும் மதிப்பில் இருந்தால் வரி மிகக் குறைவாக வரும். அதற்குப் பயிருக்கு 10 ஏக்கர், தோட்டப் பயிருக்கு 5 ஏக்கர், மரவளர்ப்புக்கு 20 ஏக்கர் உண்மையிலேயே உற்பத்தியில் இருக்க வேண்டும். வீடு நிற்கும் மனை அந்தக் கணக்கில் சேராது. நிலம் கைமாறிய 60 நாளுக்குள் புதிய உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். சலுகை போய்விட்டால் நடப்பு ஆண்டோடு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் விட்டுக்கொடுத்த வரியை வட்டியுடன் கேட்பார்கள். ஊரில் வில்லங்கச் சான்று எடுக்காமல் ஒரு சென்ட் நிலமும் வாங்காத நாம், இங்கே வந்ததும் விளம்பரத்தை நம்பிக் கையெழுத்திடுவது எனக்கு விளங்கவில்லை.

புகையிலைக் கொல்லை

எங்கள் 8 ஏக்கருக்குப் போகும் சரளைப் பாதை, பக்கத்து விவசாயியின் புகையிலைக் கொல்லையின் ஓரமாகச் செல்கிறது. வீட்டைப் பார்க்கப் போன நான்கு முறையும் அதே பாதையில்தான் போனோம், அது யாருடையது என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடன் தருகிறவர்கள் பதிவான வழி உரிமையைக் கேட்டபோதுதான் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெரியவரைத் தேடிப் போனோம். அவர் டிராக்டரை நிறுத்தி இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என் தந்தை வாய்வார்த்தையாகக் கொடுத்தது, நாங்கள் யாரையும் மறித்ததில்லை" என்றார். எழுதிக் கொடுக்கும்படி கேட்டதும் அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். தம் தந்தையின் சொல்லை நாங்கள் நம்பவில்லை என்று எண்ணிவிட்டார் போலும். சர்வேயரை அழைத்து 20 அடி அகலத்துக்கு அளந்து, இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவர் கையெழுத்திட்டார். பராமரிப்புச் செலவில் பாதி எங்களுடையது.

பைன்காடு

எல்லைக்கல் ஐயா சொன்னது சரி, இரும்பை மட்டும் பார்த்து விலகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நான் விளம்பரத்தை நம்பியது கவனக்குறைவால் அல்ல. சுவர் முழுவதும் புதிய வினைல் பலகை அடித்திருந்தார்கள், தகடு இருந்தால் அதற்குள்தான் இருக்க வேண்டும். மறுநாள் விற்பவரே ஏணி வைத்து, பின்பக்கத்தின் ஓரப் பலகையை நெம்பி எடுத்தார். உள்ளே சிவப்புத் தகடு இருந்தது, நான்கு மூலையிலும் ஆணி அடித்து. வீட்டின் மற்றப் பாதிக்கும் போய் அங்கும் ஒரு பலகையை எடுத்தார், அங்கும் இருந்தது. ஏணியிலிருந்து இறங்கிய அவர், 1998இல் தம் தந்தை வாங்கிய நாள்முதல் குடும்பத்தில் எல்லோரும் இதை மாடுலர் வீடு என்றுதான் சொல்லி வந்தார்கள் என்று கூறிவிட்டு, அந்தப் பலகையைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த 4,000 டாலரைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எண்ணித்தான் அன்று போயிருந்தேன், கேட்காமலே திரும்பிவிட்டேன்.