நீலகிரியின் இரண்டு குளிர்காலங்களும் ஒரே தார்ப்பாயும்

குளிர்காலத்தில் ஹேமக் (இரு மரங்களுக்கிடையில் கட்டும் தொங்கு படுக்கை) கட்டித் தங்கிய அனுபவங்களை நண்பர்கள் பலர் இங்கே எழுதியிருந்ததைப் படித்தேன். பெரும்பாலானோர் தார்ப்பாயை மழைக்கான கூரையாக மட்டுமே கருதுகிறார்கள் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நீலகிரியில் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும். மழை விலகி வானம் தெளிந்த இரவுகளில் உதகையிலும் அதற்கு மேற்கே தலைக்குந்தா, எமரால்டு, அவலாஞ்சிப் பக்கங்களிலும் விடியும்போது புல்வெளி வெளுத்துக் கிடக்கும் அளவுக்கு உறைபனி விழும். இந்த இரண்டுக்கும் ஒரே தார்ப்பாயைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே விதமாகக் கட்டக் கூடாது. அதற்கேற்ற மாற்றங்களைத் தார்ப்பாயில் நாமே செய்துகொள்ள முடியும் என்பது என் அனுபவம்.

முதலில் இடத்தைப் பற்றி. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். நான் தங்குவதெல்லாம் தெரிந்தவர்களின் பட்டா நிலத்தில், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, தேயிலைத் தோட்ட ஓரத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கிடையில்தான். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) கட்ட வேண்டாம். காற்றே இல்லாத நாளில்கூட அதன் கிளைகள் முறிந்து விழுவதுண்டு.

என்னிடம் இருப்பது 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட, சிலிக்கான் பூசிய நைலான் தார்ப்பாய். 11 அடி ஹேமக்கைச் சரியான தொய்வோடு கட்டினால் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 9 அடிதான் வரும் என்பதால், தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒன்றரை அடி கூரை மிஞ்சும். நேராகப் பெய்யும் மழைக்கு அது தாராளம். ஆனால் கோத்தகிரிச் சரிவில் டிசம்பர் மழை நேராகப் பெய்வதில்லை. கீழேயுள்ள பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வரும் காற்று, சாரலைத் தார்ப்பாயின் திறந்த முனை வழியாக உள்ளே கொண்டுவந்து கால்மாட்டை நனைத்துவிடும். இதற்காகத்தான் இரு முனைகளிலும் கதவு வைத்துத் தைத்துக்கொண்டேன்.

கதவின் அளவைப் பலர் கேட்டிருந்தீர்கள். தார்ப்பாயின் நடுவை மேலே தாங்கும் முகட்டுக் கயிறு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்து, ஓரங்கள் தரையைத் தொடும்படி கட்டினால், 5 அடிச் சரிவுக்கு இருபுறமும் மூன்று மூன்று அடி அகலம் கிடைக்கும். எனவே ஒரு முனைக்கு இரண்டு கதவுகள்; ஒவ்வொரு கதவும் 4 அடி உயரமும் 3 அடி அடிப்பக்கமும் கொண்ட செங்கோண முக்கோணம். அதன் 5 அடிச் சாய்வுப் பக்கத்தைத் தார்ப்பாயின் ஓரத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இரு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு அரை அடியும், தையல் மடிப்புக்கு ஓர் அங்குலமும் கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். உச்சியில் ஹேமக்கை மரத்தோடு கட்டும் நாடாப் பட்டை வெளியேறுவதற்கு ஏறத்தாழ ஒரு சாண் அளவு தைக்காமல் விட வேண்டும். வண்டி சீட்டுக்கு ரெக்சின் உறை தைக்கும் கடைகளில் இதைச் செய்து தருவார்கள். ஊசி மெல்லியதாகவும் நூல் பாலியெஸ்டராகவும் இருக்க வேண்டும் என்பதையும், இரு துணி ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ரெக்சினுக்குப் போடும் தடித்த ஊசி இந்த மெல்லிய துணியில் ஓட்டை ஓட்டையாக்கிவிடும்.

தைத்த இடம் ஒழுகும். அதை அடைப்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். சிலிக்கான் பூசிய துணியில் சிலிக்கான் பசை மட்டுமே ஒட்டும்; வேறெந்தப் பசையும் சில நாட்களில் உரிந்து வந்துவிடும். பாலியூரித்தேன் பூசிய துணியென்றால் அதற்குரிய பசைதான் வேண்டும். கண்ணாடித் தொட்டிகளுக்குப் பயன்படும் நிறமற்ற சிலிக்கானைச் சிறிது மினரல் டர்பன்டைனில் கரைத்து, பழைய தூரிகையால் தையலின்மேல் மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு காயவிட்டு, மேலே முகப்பவுடர் தூவிவிட்டால், மடித்து வைக்கும்போது துணி ஒன்றோடொன்று ஒட்டாது.

அடுத்த சிக்கல், காற்று பக்கவாட்டில் அழுத்தும்போது தார்ப்பாய் உட்புறம் குழிந்து படுத்திருப்பவர் மேல் படுவது. வெளிப்பக்கம் இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும், ஆனால் அதற்காகச் சரிவின் நடுவில் துளையிட்டு வளையம் அடிப்பதை நான் விரும்புவதில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் விறகை மூடும் படுதாவைக் கட்டும் முறையே போதும். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் துணியின் உட்புறம் வைத்து, வெளியிலிருந்து அதைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, கழுத்துப் பகுதியில் கயிற்றைச் சுருக்கிட்டு இறுக்கினால், கல் உள்ளேயே நின்று பிடித்துக்கொள்ளும். துணியில் துளை இல்லை, வேண்டாதபோது அவிழ்த்துவிடலாம். அந்தக் கயிற்றைச் சற்றுத் தள்ளி ஊன்றிய ஒரு கம்பின்மேல் தூக்கிப் போட்டு முளையில் கட்டினால், உள்ளே தோளை அசைக்க நல்ல இடம் கிடைக்கும்.

நைலான் ஈரத்தில் தளரும். மாலையில் விறைப்பாகக் கட்டிய தார்ப்பாய் நள்ளிரவில் தொய்ந்து படபடக்கும். பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி, தார்ப்பாயின் வளையத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் கோத்துவிட்டால், துணி தளரத் தளர ரப்பர் இழுத்துக்கொள்ளும். இந்த ரப்பர் வளையங்கள் வேறொரு விதத்திலும் உதவியதை இங்கே சொல்ல வேண்டும். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் இரவு, மழை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில், புல்லைக் கடித்து இழுக்கும் ஓசை மிக அருகில் கேட்டது. கதவின் மடிப்பை இரண்டு விரல் அளவு விலக்கிப் பார்த்தபோது, காட்டெருமை ஒன்றின் வெள்ளைக் காலுறை போன்ற முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. நான் அசையாமல் படுத்திருந்தேன். அது மேய்ந்துகொண்டே நகர்ந்து பக்கக் கயிற்றில் காலை வைத்தது. ரப்பர் நீண்டது, ஈர மண்ணிலிருந்து முளை பிடுங்கிக்கொண்டு வந்தது, கயிறு காலிலிருந்து நழுவியது, அது ஒரு முறை மூச்சுவிட்டுவிட்டுப் போய்விட்டது. முளை பிடுங்கி வந்ததே நல்லதாயிற்று. விலங்கின் காலில் கயிறு சிக்கிக்கொண்டால் அதற்கும் துன்பம், நமக்கும் ஆபத்து. ஆகவே பக்கக் கயிறுகளை மரத்திலோ வேரிலோ கட்டாதீர்கள். நேரான முளையில், ரப்பரோடு கட்டுங்கள். கயிற்றில் வெள்ளைத் துணிக் கிழிசல்களைத் தொங்கவிடுங்கள். தடம் தெரியும் இடத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். கதவுகளும் உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறக்கும் கொக்கியோடு இருக்க வேண்டும். வெளியில் முடிச்சுப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே படுப்பது இந்த மலைக்கு ஏற்றதல்ல.

இனி உறைபனிக் காலம். தெளிந்த வானத்தின் கீழ் நிலமும் புல்லும் துணியும் தம் வெப்பத்தை வானை நோக்கி வெளியிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகின்றன. தலை உயரத்தில் வெப்பமானி இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே புல்லில் பனி உறைவது இதனால்தான். தோட்டக்காரர்கள் இளம் தேயிலைச் செடிகளைக் காய்ந்த புல்லாலும் பெரணியாலும் மூடிவைப்பதும் வானத்துக்கும் செடிக்கும் இடையே ஒரு மறைப்பு வேண்டும் என்பதற்காகத்தான். மழையே இல்லாத ஜனவரி இரவிலும் தார்ப்பாய் கட்ட வேண்டிய காரணம் அதுவே. தார்ப்பாய் இல்லாமல் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு உறங்க வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள், காலையில் போர்வையின் மேற்பரப்பு மொறுமொறுவென்று உறைந்திருப்பதைக் காண நேரிடும்.

ஆனால் இந்தக் காலத்தில் கதவுகளை முழுவதும் மூடினால் மூச்சின் ஈரம் வெளியேறாமல் தார்ப்பாயின் உட்புறத்தில் படிந்து உறையும். ஆகவே நான் முகட்டுக் கயிற்றை ஓர் அடி உயர்த்தி, கதவுகளை மடக்கிக் கட்டிவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்தி, மறுபக்கத்தை இரண்டு கம்புகளின் மேல் தூக்கி நிறுத்துகிறேன். தாழ்த்த வேண்டிய பக்கம் எது என்பதற்கு எளிய விடை உண்டு: இரவில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிந்து இறங்கும், எனவே மேட்டுப்பக்கம் தாழ்வாக இருக்கட்டும். அதே காரணத்தால் ஓடைக்கரைப் பள்ளத்தில் ஹேமக் கட்டவே கூடாது; சரிவில் சிறிது மேலேறினாலே குளிரின் கடுமை குறைவதை உணர்வீர்கள்.

முதுகு குளிர்வதாகச் சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. அதைத் தார்ப்பாயால் சரிசெய்ய முடியாது. உடல் எடையால் நசுங்கிய ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் வெப்பத்தைக் காப்பதில்லை. ஹேமக்கின் வெளிப்புறம் தொங்கும் அடிப்போர்வையோ, குறைந்தது உள்ளே ஒரு ஃபோம் பாயோ வேண்டும். தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டுவது அந்த அடிப்போர்வையின் மேல் காற்று படாமல் காக்கும், அவ்வளவே. மழைநாளில் பட்டை வழியாக வழியும் நீரைத் தடுக்க, கூரைக்குள் வரும் இடத்தில் ஒரு பருத்திச் சரட்டைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

உறைபனி நாளில் வெயில் படுவதற்கு முன்பே எழுந்து, தார்ப்பாயின் இரு பக்கங்களையும் தட்டி உதறுங்கள். உறைந்திருக்கும்போது பனி தூளாக உதிரும், உருகிய பிறகு துணி முழுவதும் நனைந்துவிடும். அப்படியும் எஞ்சும் ஈரத்தோடு சுருட்டிய தார்ப்பாயை மற்றப் பொருள்களோடு வைக்காமல் தனிப் பையில் போட்டு எடுத்துவந்து, வீட்டில் நிழலில் விரித்துக் காயவைத்த பின்னரே மடித்து வையுங்கள்.