புது மீன் தொட்டியில் சைக்கிளிங்கைச் சீக்கிரம் முடித்தது எப்படி: அனுபவப் பகிர்வு

சென்னையிலிருந்து:

நண்பர்களே, மீன் கழிவிலிருந்து வரும் விஷ அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவைப் புதுத் தொட்டியில் வளர்த்தெடுப்பதுதான் சைக்கிளிங். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது உண்மைதான், பாக்டீரியா தானாக வந்து பெருகட்டும் என்று விட்டுவிட்டால். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அத்தை வீட்டுத் தொட்டியில் வருடக்கணக்காக இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. அதில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு, பதிலுக்குப் புது ஸ்பாஞ்சை மாட்டிவிட்டு வந்தேன். "இந்த அழுக்கை எதுக்குடா தூக்கிட்டுப் போற?" என்று அத்தை சிரித்தார். அந்த அழுக்குதான் வேண்டும்!

பலர் பழைய தொட்டியின் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அதனால் பெரிய பலன் இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்ச், கல், மணல் மேல்தான் ஒட்டிக்கொண்டு வாழும், நீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீர் ஓரளவு உதவும். முழு ஸ்பாஞ்சையே மாற்றுவதற்கு அது ஈடாகாது. எடுத்துவரும்போது காயக் கூடாது, காற்றில்லாமல் கட்டியும் வைக்கக் கூடாது. கவரில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரும் நிறையக் காற்றுமாக வைத்துக் கொண்டுவந்தேன். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் முதலிலேயே ஆன்டி குளோரின் சொட்டுகளைப் போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் கொண்டுவந்த பாக்டீரியாவை நாமே கொன்ற கதைதான்.

பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா வேண்டுமே, அதற்கு மீன் போடாமல் அம்மோனியம் குளோரைடு போட்டேன். ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம்தான் அது, ஆனால் நான் வாங்கியது ஆய்வகத் தரம். 100 லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு வரும். 5 பிபிஎம்மைத் தாண்டவிட்டால் பாக்டீரியாவே திணறும். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். எனக்கு இரண்டாவது வாரத்திலேயே அது நடந்தது.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பழைய ஸ்பாஞ்ச் கேட்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நோயும் கூடவே வரும் என்பதுதான் பயம். மீனே இல்லாத வெதுவெதுப்பான தொட்டியில் வெள்ளைப்புள்ளிக் கிருமி சில நாளில் பட்டினியில் செத்துவிடும். மற்ற நோய்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தெரிந்தவர் வீட்டுத் தொட்டிதான் நல்லது.

கோவையிலிருந்து:

அண்ணா சொன்னதெல்லாம் சரி, எங்கள் ஊருக்கு ஒன்று சேர்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் அது மென்னீர், கார்பனேட் குறைவு. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது அமிலம் உண்டாகும். தாங்கிப் பிடிக்கக் கார்பனேட் இல்லாவிட்டால் பிஎச் (அமில-கார அளவு) 6.5க்குக் கீழே சரியும், அதற்குக் கீழே போகப் போக வேலை மந்தமாகி நின்றேவிடும். என் தம்பி தொட்டியில் அம்மோனியா பாதியில் நின்று அசையவே இல்லை. பாட்டில் பாக்டீரியா வாங்கக் கிளம்பினான், நான் தடுத்து பிஎச் பார்க்கச் சொன்னேன். டெஸ்டில் மஞ்சள், அதாவது அமிலம்! 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துவிட்டோம், கேஎச் (கார்பனேட் அளவு) மூன்று டிகிரிக்கு மேல் ஏறியது. மறுநாளிலிருந்தே அம்மோனியா இறங்க ஆரம்பித்தது. அப்புறம் ஃபில்டரில் ஒரு பிடி கிளிஞ்சல் போட்டு வைத்தான், அது மெல்லக் கரைந்து தாங்கும். ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதிதான். சமையல் சோடா போடும்போது மீன் இருக்கக் கூடாது. பிஎச் ஏறினால் அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

ஊட்டியிலிருந்து:

இங்கே பிரச்சினை குளிர். சமவெளியில் தண்ணீர் தானாகவே 28 டிகிரி இருக்கும், எங்களுக்கு ஹீட்டர் இல்லாமல் பாக்டீரியா தூங்கும். 28இல் வைத்து, ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டேன். பாட்டில் பாக்டீரியாவும் போட்டுப் பார்த்தேன். ஒன்று வேலை செய்தது, இன்னொன்று வெறும் கலங்கல் தண்ணீர். உள்ளே இருப்பது உயிரோடு இருந்தால்தானே? வாங்குவதானால் காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் அடுக்கி வைத்த பாட்டிலை எடுக்காதீர்கள்.

ஒரு சந்தேகம்: நைட்ரைட் டெஸ்டில் கடைசிக் கட்டத்து ஊதா நிறத்திலேயே, அதாவது உச்ச அளவிலேயே நிற்கிறது. பாதித் தண்ணீர் மாற்றலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்ததுண்டா?

சென்னையிலிருந்து:

தாராளமாக மாற்றுங்கள். பாக்டீரியா ஸ்பாஞ்சில்தானே இருக்கிறது. மாற்றும் தண்ணீரில் குளோரின் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.