மலேசியாவில ஷூட்டிங், ஆறு பேர், ரெண்டு கமரா: என்ன விசா, சாமானுக்கு என்ன பேப்பர்?

உப்புவெளிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில இருந்து நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு டொக்கியுமென்டரி செய்யிறம். என்ட அம்மம்மாட அப்பா வெள்ளைக்காரன் காலத்தில மலாயா ரயில்வேயில கிளாக்கரா இருந்தவர், அவரைப் போல எங்கட ஆக்கள் எத்தினையோ பேர் அங்க போனவை, அவையிட பேரப்பிள்ளையள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கினம், அவையோட கதைச்சு எடுக்கோணும். பத்து நாள். ரெண்டு கமரா, ஏழு லென்ஸ் (மூண்டு வாடகை), சவுண்ட் சாமான், ஒரு ட்ரோன். கூட்டாளி ஒருத்தன் டூரிஸ்ட் ஈவிசாவில போய் எடுத்திட்டு வருவம் எண்டுறான். எனக்கு மனசு ஒப்பேல்ல, கமரா கடன்பட்டு வாங்கினது, அங்க பறிச்சு வச்சாங்களெண்டா எங்களால எழும்பேலாது. செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

கடற்கரை வீதி:
தம்பி, டூரிஸ்டில போகாதீங்கோ. டூரிஸ்டா இறங்கினாக் குடுக்கிற சோஷல் விசிட் பாஸ் சுத்திப் பாக்கவும் சொந்தக்காரரைப் பாக்கவும்தான், அதில வேலை செய்யேலாது. வெளிநாட்டு ஆக்கள் அங்க படமெடுக்கிறதெண்டா புஸ்பால் எண்ட குழுவிட அனுமதி வேணும், அதை இங்க இருந்து நீங்களா போடுறேல்ல, அங்க பதிவு செய்த கம்பனி ஒண்டு உங்களுக்காகப் போடும். அது சரிவந்தாப் பிறகுதான் புரொஃபெஷனல் விசிட் பாஸ், அதுதான் கொஞ்சக் காலம் அங்க வேலை செய்ய விடுற பாஸ். அதால டிக்கெட் பாக்க முதல் கம்பனியைப் பிடியுங்கோ. பேரப்பிள்ளையள் அங்க இருக்கினம் எண்டுறீங்கள், ஆரைப் பிடிக்கலாம் எண்டு அவையிட்டயே கேளுங்கோ, ஊர் ஆக்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாது. ரயில்வே கதையெண்டா பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன் (1910இல கட்டினது) கட்டாயம் எடுப்பீங்கள், அதுக்கு ரயில்வேயிட்ட வேற அனுமதி. டிஜிட்டல் அரைவல் கார்டை (ஒன்லைனில நிரப்பிற வருகைப் படிவம்) இறங்கிறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள எல்லாரும் போடோணும்.

நிலாவெளி சவுண்ட்:
சாமானைப் பற்றி நான் சொல்லுறன், நான் பட்டது. ஏ.டி.ஏ. கார்னே எடுங்கோ, அது சாமானைத் தற்காலிகமா வெளிநாட்டுக்குக் கொண்டு போறதுக்கான சுங்கப் பத்திரம். கொழும்பில ஐ.சி.சி. ஸ்ரீலங்கா (சர்வதேச வர்த்தக சபையிட இலங்கைக் கிளை) தருது, மலேசியாவும் அந்தக் கார்னே ஒப்பந்தத்தில இருக்கு. கார்னே இருந்தா வரி கட்டாமல், அங்க டெபாசிட் வைக்காமல் சாமானைக் கொண்டு போய்க் கொண்டு வரலாம், கூடினது ஒரு வருஷம். ஆனா இங்க பிணைக்காசு வைக்கோணும், அதுக்குக் காசு ஒதுக்குங்கோ. லிஸ்டில ஒவ்வொண்டுக்கும் சீரியல் நம்பர், பெறுமதி, எந்த நாட்டில செய்தது எண்டு எழுதோணும், கார்னே குடுத்தாப் பிறகு ஒரு லென்ஸ்கூட சேக்கேலாது. ஒரு இலக்கம் பிழைச்சாலும் கவுண்டரில நிண்டு மாயோணும், அதால சாமானை மேசையில பரப்பி வச்சு ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் எழுதுங்கோ.

இப்ப என்ட கதை. வேற ஒரு நாட்டில இருந்து திரும்பி வரேக்க பிளைட்டுக்கு நேரமில்லை எண்டு ஓடினம், கார்னேயில வெளிநாட்டுச் சுங்கத்துக்கான வெள்ளைத் தாளில வெளியேறின சீல் குத்தாமலே வந்திட்டம். இறங்கினதும் இங்க, எங்கட சுங்கத்துக்கான மஞ்சள் தாளில சீல் எடுத்தது, அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சம். மாதக்கணக்கு கழிச்சு, சாமான் அங்கயே நிண்டுட்டுது வரியைக் கட்டுங்கோ எண்டு கடிதம் வந்துது! அந்த மஞ்சள் தாள்தான் காப்பாத்தினது, எண்டாலும் அலைச்சலும் கட்டணமும் எங்கட தலையில. நாலு சீல், மறக்காதீங்கோ: இங்க வெளிக்கிடேக்க, அங்க இறங்கேக்க, அங்க வெளிக்கிடேக்க, இங்க இறங்கேக்க. அங்க இறங்கேக்க திருப்பிக் கொண்டு போகவேண்டிய கடைசித் தேதி எழுதுவினம், அது வருஷம் முடியிறதுக்கு முதலே வரலாம், வாசிச்சுப் பாருங்கோ.

சல்லி அக்கா:
பற்றரியை எல்லாரும் மறக்கிறது. ஸ்பெயார் பற்றரி கையில கொண்டு போற பையிலதான், செக்-இன் பெட்டியில போடேலாது. பற்றரியிட கொள்ளளவு 100 வோட் அவர் (Wh) வரைக்கும் பிரச்சினை இல்லை, 100இல இருந்து 160 வரை எயர்லைன் அனுமதியோட ஆளுக்கு ரெண்டு, அதுக்கு மேல கொண்டு போகவே விடமாட்டினம். ட்ரோனுக்கு அங்க விமானப் போக்குவரத்து ஆணையத்திட அனுமதியோட, மேல இருந்து படமெடுக்க ஜூபெம் எண்ட அவையிட நிலஅளவைத் திணைக்களத்திட அனுமதியும் வேணும். என்னைக் கேட்டா ட்ரோனை வீட்டில வையுங்கோ தம்பி, உங்கட படம் வயசுபோன ஆக்களிட முகத்திலதான் இருக்கு.

உப்புவெளிப் பெடியன்:
பெரிய உதவி அண்ணா, அக்கா. ட்ரோன் இல்லையெண்டே வைப்பம். வாடகை லென்ஸை எங்கட பேரில கார்னேயில போடலாமோ?

நிலாவெளி சவுண்ட்:
போடலாம், சொந்தக்காரரிட்ட கடிதம் வாங்கி வையுங்கோ. கவுண்டரில கையெழுத்து வைக்கப் போறவரிட பேரும் கார்னேயில இருக்கோணும், ஒருத்தரை மட்டும் போடாதீங்கோ, அவருக்குக் காய்ச்சல் வந்தா சாமான் அங்கயே நிக்கும்.