மறு: மறு: ‘டெட்மேன் ஆங்கர்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கரடுமுரடான தடங்களில் ஃபோர்வீல் வண்டி ஓட்டுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வண்டி புதைந்துவிட்டது, இழுக்க இன்னொரு வண்டி இல்லை, கையில் கிடைப்பதை வைத்தே வெளியே எடுக்க வேண்டும் என்ற அத்தியாயத்தில் நிற்கிறேன். ‘செல்ஃப் ரெக்கவரி’க்குத் ‘தற்மீட்பு’ என்று போட்டாயிற்று. டயரில் காற்றை இறக்குவது, சக்கரத்தடியில் தழையும் பலகையும் கொடுப்பது எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. இடறுவது ‘டெட்மேன் ஆங்கர்’. கயிறு கட்ட மரமோ பாறையோ இல்லாத வெளியில், ஒரு கட்டையையோ ஸ்டெப்னியையோ மண்ணில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி வண்டியை இழுக்கிறார்கள். ‘பிண நங்கூரம்’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதால் சின்னச் சொல்லாக இருந்தால் நல்லது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அம்மா, முதலில் ‘தற்மீட்பு’. வல்லினம் வந்தால்தான் ‘தன்’ என்பது ‘தற்’ ஆகும்: தற்காப்பு, தற்சார்பு. மகரத்தின் முன் திரியாது. ‘தன்மீட்பு’ என்று திருத்திவிடுங்கள்.

வண்டி புதைவது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூறு 90இல் ஔவையார் ‘அச்சொடு தாக்கிப் பாருற்று இயங்கிய பண்டச் சாகாட்டு ஆழ்ச்சி சொலிய’ என்கிறார். அச்சு தரையில் முட்டும்வரை இறங்கிய பாரவண்டி அது. அதற்கு ‘ஆழ்ச்சி’ என்று பெயரே இருக்கிறது. நீங்கள் ‘சிக்கிக்கொள்ளுதல்’ என்று நீட்ட வேண்டியதில்லை. 102ஆம் பாட்டில் உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் கட்டி எடுத்துப்போகும் ‘சேம அச்சு’ வருகிறது. அந்த வழியில் ஸ்டெப்னியைச் ‘சேமச்சக்கரம்’ எனலாம்.

நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது, கடலுக்கு உரியது. இங்கே வேண்டியது நிலத்தில் நிற்கும் பிடிப்பு. யானையைக் கட்டும் தூணுக்குக் ‘கந்து’ என்று பெயர். களிற்றின் இழுப்பைத் தாங்கும் சொல் வண்டியின் இழுப்பையும் தாங்கும். என் பரிந்துரை: புதைகந்து. வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது.

சொற்பிறப்பு ஆர்வலர் எழுதியது:

‘ஆழ்ச்சி’யை எடுத்துத் தந்த ஐயாவுக்கு நன்றி. ஆழி என்றால் சக்கரம். ஆழி என்றால் கடலும். இரண்டும் ‘ஆழ்’ என்னும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். மண்ணில் ஆழ்ந்து தடம் பதிப்பது ஆழி. சேற்றைக் குறிக்கும் ‘அள்ளல்’ என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். புறம் 185இல் வண்டி ஓட்டத் தெரியாதவன் ‘பகைக்கூழ் அள்ளற் பட்டு’ வருந்துகிறான். அள், ஆழ், அழுந்து, அழுவம்... விரிவாக வேறொரு இழையில் எழுதுகிறேன்.

ஓட்டுநர் பயிற்றுநர் எழுதியது:

ஐயா, தமிழ்மேல் உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. ஆனால் ‘கந்து’ என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கந்துவட்டிதான். முழங்கால் சேற்றில் நிற்கிற பையனிடம் ‘கந்து தோண்டு’ என்றால் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அதிலிருந்து பெயர் வரட்டும். இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு குழி. முழங்கால் ஆழத்துக்குக் குறையக் கூடாது. மண் பொலபொலவென்று இருந்தால் இன்னும் ஆழம். வண்டியைப் பார்த்த சுவரைச் செங்குத்தாக, முடிந்தால் அடிப்பக்கம் கொஞ்சம் உள்வாங்கி வெட்டுவோம். நடுவிலிருந்து வண்டியை நோக்கி, கயிறு மட்டும் போகிற அளவுக்கு ஒடுக்கமாக ஒரு வாய்க்கால், மெல்ல மேலேறிவர வேண்டும். கட்டையைப் படுக்கவைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி, மண் தள்ளி மிதித்து இறுக்குவோம். அந்த வாய்க்காலை விட்டுவிட்டால் கயிறு மேல்நோக்கி இழுக்கும். கட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கயிற்றின்மேல் கனமான ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் விலகி நின்ற பிறகுதான் இழுப்போம். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

நாங்கள் வாயில் சொல்வது ‘கட்டை புதைக்கிறது’. ‘புதைகட்டை’ போதும்.

பொறியாளர் எழுதியது:

புதைப்பது ஸ்டெப்னியாக இருந்தால் அது எப்படிக் கட்டை ஆகும்? ‘முளை’ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் முளை அடித்து நிறுத்துவது, இது படுத்துக் கிடப்பது. ‘புதைமுளை’ என்றால் மண்ணுக்குள் இருக்கும் விதை முளைப்பு என்றும் படிக்கலாம். விட்டுவிட்டேன்.

பயிற்றுநர் சொன்னதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. இழுப்பைத் தாங்குவது கட்டை அல்ல, கட்டைக்கு முன்னால் இருக்கும் கலையாத மண். அதனால்தான் அந்த முன்சுவரை அவ்வளவு கவனமாக வெட்டுகிறார்கள். ஆகவே பொருளின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரைப் பிடிப்போம்: ‘புதைபிடி’. கட்டை, சக்கரம், மண் நிரப்பிய சாக்கு, எதைப் புதைத்தாலும் பொருந்தும்.

இதோடு ‘ஸ்பானிஷ் விண்ட்லாஸ்’ என்பதற்கும் ஒரு சொல் பாருங்கள். புதைபிடிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கழியைச் செங்குத்தாக நிறுத்தி, இன்னொரு நீளக் கழியால் கயிற்றை வளைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி நடப்பது. நிற்கும் கழியின் விட்டம் 10 செ.மீ., நெம்பும் கை ஒன்றரை மீட்டர், கயிறு இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்றால், உராய்வைக் கழிக்காமல் கையின் விசை 15 மடங்காகிறது. மாடு சுற்றும் செக்கு இதேதான். ‘செக்குக்கழி’ எனலாமா? கைநழுவினால் கழி திரும்பிச் சுழன்று விலாவை உடைத்துவிடும் என்பதையும் கையேட்டில் மறக்காமல் எழுதுங்கள்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

‘பிடி’ என்றால் பெண்யானை. நான் களிற்றைக் கட்டத் தூண் கொடுத்தேன். நீங்கள் பிடியைப் புதைக்கிறீர்கள். ‘புதை’ தன்வினையா பிறவினையா என்பதும் தெளிவில்லை: புதைந்த பிடியா, புதைத்த பிடியா?

பொறியாளர் எழுதியது:

‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்பது நன்னூல். காலத்தையே மறைக்கும் தொகை, தன்வினை பிறவினையையும் மறைத்துவிட்டுப் போகட்டும், ஐயா. உங்கள் புதைகந்துக்கும் இதே கேள்வி உண்டு. கைப்பிடி, படிக்கட்டுப் பிடி என்று நாள்தோறும் சொல்கிறோம். அங்கெல்லாம் யானை வருவதில்லை.

புதிதாகச் சேர்ந்தவர் எழுதியது:

‘புதை ஆங்கர்’ என்றே வைத்தால் என்ன? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறதே.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

தம்பி, அந்த நூற்பா வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை விலக்காதே என்கிறது. தேடிப் பார்க்காமல் கடன் வாங்கச் சொல்லவில்லை. வின்ச், டயர், ஜாக்கி ஊன்றிவிட்டன. நான் அவற்றோடு சண்டைக்குப் போகவில்லை. ஆங்கர் அப்படியன்று.

ஓட்டுநர் பயிற்றுநர் எழுதியது:

இன்று வகுப்பில் விளக்கம் சொல்லாமல் ‘அங்கே ஒரு புதைபிடி போடுங்கள்’ என்றேன். ‘எதைப் புதைக்கட்டும்?’ என்று கேட்டார்கள். சரியான கேள்வி. என் கட்டையை விட்டுக்கொடுக்கிறேன். ‘செக்குக்கழி’ மட்டும் வேண்டாம். செக்கைப் பார்த்தவர்களே இப்போது குறைவு. ‘முறுக்குக்கழி’ என்றால் கையே சொல்லிவிடும்.

பொறியாளர் எழுதியது:

கயிற்றுக்குள் குச்சியைச் செருகி அங்கேயே முறுக்குவது வேறு முறை ஆயிற்றே. ‘முறுக்குக்கழி’ என்றால் அதோடு குழம்பும். ‘சுற்றுக்கழி’?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படத்தில் ‘புதைபிடி’ போய்விட்டது. ஸ்டெப்னியை முதல் இடத்தில் மட்டும் ‘சேமச்சக்கரம் எனும் ஸ்டெப்னி’ என்று எழுதிவிட்டு, பிறகு ஸ்டெப்னி என்றே விட்டிருக்கிறேன். ‘ஆழ்ச்சி’ அத்தியாயத் தலைப்பில் இருக்கிறது: ‘ஆழ்ச்சியும் தன்மீட்பும்’. உள்ளே ‘புதைந்த வண்டி’தான். கழிக்குப் பெயர் முடிவாகாததால் அந்தப் படத்துக்கு ‘கழி சுற்றி இழுத்தல்’ என்று மட்டும் போட்டு அனுப்புகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

கலைச்சொல் பட்டியலில் ‘புதைகந்து’ இணைச்சொல்லாகவாவது இடம்பெற வேண்டும். என் மறுப்பைப் பதிவு செய்க.

சொற்பிறப்பு ஆர்வலர் எழுதியது:

‘கந்து’ என்பதோடு ‘கட்டு’, ‘கட்டை’ மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆழி இழையை முடித்துவிட்டு வருகிறேன்.