58 வயதில் பீடியை விட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார் அப்பா. என்ன சொல்லிப் புரியவைப்பது?

தறிக்காரர் மகள், குமாரபாளையம்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. மீசை முளைத்த நாளிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறார், பீடியும் கிட்டத்தட்ட அப்போதிருந்தே. ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்குக் குறையாது. நைட் ஷிப்ட் வாரம் என்றால் இன்னும் கூடும். கொஞ்ச காலமாக மொட்டை மாடிக்கு ஏறினால் நடுப்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். போன மாதம் ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரல் தேய்கிற நோய்) என்றார்கள். இன்ஹேலர் ஒன்றும் டெரிஃபிலின் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். பீடியை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அப்பாவோ, "நாப்பது வருசம் குடிச்சாச்சு, இனிமே விட்டா நுரையீரல் என்ன புதுசா முளைக்கவா போகுது?" என்கிறார். அதோடு எங்கள் தெருவில் ஒருவர் பீடியை நிறுத்தின பிறகுதான் இருமல் அதிகமானதாம். அதைப் பார்த்துவிட்டு, விட்டால்தான் நோய் வரும் என்று நம்புகிறார். ரொம்பக் கெஞ்சினதில், "சரி, ஒரு நாளைக்கு அஞ்சுன்னு குறைச்சுக்கிறேன்" என்று இறங்கி வந்திருக்கிறார்.

இந்த வயதில் விட்டால் உண்மையிலேயே பலன் உண்டா? ஐந்தாகக் குறைத்தால் போதுமா? மருந்துக்கடையில் விற்கிற நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கித் தரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவரிடம் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

ஊத்துக்குளி மருமகள்

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. பீடிக்குப் பதிலாக வாயில் புகையிலை அடக்கும் பழக்கத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாமனார் அப்படித்தான் மாறினார். புகை இல்லை, அதனால் கெடுதல் இல்லை என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். பல் வலி என்று போனபோது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலம் இருப்பதைப் பல் டாக்டர்தான் பார்த்துச் சொன்னார். வாய்ப் புற்றுநோய்க்கு அது முன்னோடியாக இருக்கலாம் என்று சதை எடுத்துச் சோதித்தார்கள். நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிந்தது. அதே மாதிரி யாராவது மின் சிகரெட் வாங்கித் தரச் சொன்னால் கேட்காதீர்கள். அதை விற்பது 2019 முதல் இந்தியா முழுக்கத் தடை.

பவானிக்காரன்

அம்மிணி, நானும் தறிக்காரன்தான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினேன். 57 வயதில் பீடியை நிறுத்தினேன், இப்போது 66. உங்கப்பாவிடம் இதைப் படித்துக் காட்டும்போது, ஒரு தறிக்காரன் எழுதியிருக்கிறான் என்று சொல்லியே ஆரம்பியுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. போன நுரையீரல் போனதுதான், திரும்பி வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் தறியில் துணி பழுதாக வருவதைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? நெய்த வரைக்கும் வீண்தானே என்று அப்படியே ஓடவிடுவோமா? அந்த நிமிஷமே நிறுத்துவோம். பழுதான துணி பழுதானதுதான். இனி வரப்போகிற துணியைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறோம். எனக்கு டாக்டர் சொன்னதும் இதே கணக்குதான். பீடி குடித்துக்கொண்டே இருந்தால் நுரையீரல் வேகமாகத் தேயும். விட்டால் தேய்கிற வேகம் குறைந்து, மற்றவர்களுக்கு வயதாக ஆகக் குறைகிற அளவுக்கு அருகே வந்துவிடும். இன்று மாடி ஏற நின்று நின்று ஏறுகிறவர் பத்து வருசம் கழித்தும் தன் காலால் குளியலறைக்கு நடந்து போகிறாரா, கட்டிலோடு ஆக்சிஜன் மிஷினோடு கிடக்கிறாரா என்பது இதில்தான் இருக்கிறது.

தெருக்காரருக்கு இருமல் கூடினது பற்றி. எனக்கும் கூடியது, பயந்துபோனேன். நம் மூச்சுக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. சளியையும் தூசியையும் மேலே தள்ளுவது அதன் வேலை. புகை அதை முடக்கி வைத்திருக்கும். புகை நின்றதும் அது மறுபடி வேலைக்கு வருகிறது, அடியில் கிடந்த சளி மேலே வருகிறது, அதனால்தான் இருமல். எனக்குக் கொஞ்ச வாரம் கறுத்த சளியாக வந்தது, அப்புறம் வெளுத்து, அப்புறம் நின்றே போனது. சளியில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பு இளைத்தாலோ மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். அது வேறு விஷயம்.

ஐந்தாகக் குறைக்கிற பேச்சை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறார். ஆனால் குறைத்தவன் ஒவ்வொரு பீடியையும் நுனி விரல் சுடுகிற வரைக்கும் ஆழமாக இழுப்பான். பீடி சிகரெட் மாதிரி தானாக எரிந்துகொண்டிருக்காது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனாலேயே அடிக்கடியும் பலமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை குறைந்தாலும் உள்ளே போகிற புகை அந்த அளவுக்குக் குறையாது. முழுசாக விட வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தறிக்காரன் ஏன் பீடி குடிக்கிறான் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கொட்டகைக்குள் பஞ்சும் நூலும், நெருப்பு ஆகாது. பீடி குடிக்க வெளியே வந்தே ஆக வேண்டும். எட்டுத் தறி பன்னிரண்டு மணி நேரம் காதில் அடிக்கிற இடத்திலிருந்து ஐந்து நிமிஷம் வேப்பமரத்தடியில் காற்று வாங்க அந்த ஒரு காரணம்தான் கிடைக்கிறது. பக்கத்துத் தறிக்காரரிடம் "கொஞ்சம் பாத்துக்க, ஒரு பீடி போட்டுட்டு வந்தர்றேன்" என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சும்மா நின்றுவிட்டு வருகிறேன் என்றால் மேஸ்திரி முறைப்பார். பீடியை விடுகிறவன் அந்த ஐந்து நிமிஷத்தையும் சேர்த்து இழக்கிறான். பலர் திரும்பவும் ஆரம்பிப்பது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் அந்த ஐந்து நிமிஷத்தை விடக் கூடாது. நான் ஓனரிடம் நேராகவே போய்ச் சொன்னேன்: "பீடியை விட்டுட்டேங்க, ஆனா பீடிக்குப் போற நேரத்துக்கு வெளிய போயிட்டு வருவேன்." நல்ல மனுசன், தலையாட்டினார். வெளியே போவேன், தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவுவேன், மரத்தைச் சுற்றி நடப்பேன், உள்ளே வருவேன். பீடி குடிக்கிறவர்கள் பக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகவில்லை.

முதல் மூன்று நாள் மோசம். எரிச்சல் வரும், சாப்பாட்டில் குறை சொல்வார், ராத்திரி தூக்கம் பிடிக்காது. அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், அந்த நாட்களில் எதிர்ப் பேச்சு வேண்டாம். கை சட்டைப் பைக்குத் தானாகப் போகும். பீடிக் கட்டை எடுத்து, ஒன்றை உருவி, விரலில் உருட்டி இலையைத் தளர்த்தி, தலைகீழாக ஒரு தட்டு தட்டி, வாயில் வைப்பதற்கு முன்பே அடிப்பக்கம் லேசாகச் சூடுகாட்டுவது வரைக்கும் கை மறக்காது. என் மனைவி அந்தப் பையில் வறுத்த நிலக்கடலையைப் போட்டு வைத்தாள். ஒவ்வொரு ஆசையும் சில நிமிஷம்தான் நிற்கும், அதைத் தாண்டிவிட்டால் தணியும். மூன்றாம் நாளுக்கு மேல் படிப்படியாக இறங்கிவிடும்.

டீயைக் குறைக்கச் சொல்லுங்கள். புகைப் பழக்கம் உள்ளவர் உடம்பு டீ, காப்பியில் இருக்கிற கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே டீ உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பீடி இல்லாததால் என்று நினைப்போம். பாதி டீயால்தான். நான் பாதியாகக் குறைத்ததும் தூக்கம் வந்தது.

சேலம் மருந்தாளுநர்

பவானி ஐயா எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. மருந்து பற்றி நான் சேர்க்கிறேன்.

சகோதரி, முதலில் டெரிஃபிலின். அதில் தியோஃபிலின் இருக்கிறது. கஃபீனைப் போலவே அதையும் புகைப்பவர் உடம்பு வேகமாக வெளியேற்றும். அப்பா பீடியை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் அளவு கூடும். குமட்டல், வாந்தி, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் வரலாம். எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறார் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டாலோ மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.

நிக்கோட்டின் கம்: 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி பற்ற வைக்கிறவர் என்றால் 2 போதாமல் போகலாம், டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எங்கள் கடையில் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளுகிறார்கள். தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, இது வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகுக் காரம் மாதிரி சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினதும் மறுபடி நாலு மெல்லு, இந்த முறை வேறு பக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது, விழுங்கினால் பயனில்லை. மெல்வதற்கு கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காப்பி, ஜூஸ் எதுவும் கூடாது. அவை வாயைப் புளிப்பாக்கி நிக்கோட்டினை ஏறவிடாது. டீயோடு சேர்த்து மென்றால் காசு வீண். பொய்ப்பல் கட்டியிருந்தால் கம் ஒட்டும், அவர்களுக்குத் தோலில் ஒட்டுகிற பட்டை நல்லது. வாரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் உண்டு, அவை டாக்டர் எழுதித்தான். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

"இனிமே விட்டு என்ன" என்பதற்கு எண்ணாகவே பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்ப நிலை சிஓபிடி உள்ளவர்களை 11 ஆண்டு தொடர்ந்து ஊதவைத்துப் பார்த்தார்கள். புகையை விட்ட ஆண்கள் ஒரு நொடியில் ஊதும் காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறைந்தது, விடாதவர்களுக்குச் சுமார் 66 மில்லி. பாதிக்கும் குறைவு. பிரிட்டனில் 1951 தொடங்கி ஐம்பது ஆண்டு ஆண் டாக்டர்களையே தொடர்ந்து பார்த்த ஆய்வில், 50 வயதில் சிகரெட்டை விட்டவர்களுக்குச் சுமார் 6 ஆண்டும், 60இல் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டும் ஆயுள் கூடியது. அப்பா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இதயத்துக்குப் பலன் இன்னும் சீக்கிரம்: ஓரிரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும், ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயம் புகைப்பவரோடு ஒப்பிட்டால் பாதியாகிறது. ஐந்து பீடி போதாது என்று ஐயா சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டால் ஆலோசகர்கள் தமிழிலும் பேசுவார்கள். புகையிலை பாக்கெட்டுகளில் அச்சிட்டிருப்பதும் அதே எண்தான்.

தறிக்காரர் மகள், குமாரபாளையம்

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பழுது துணி பற்றிச் சொன்ன இடத்தில் அப்பா டிவியை நிறுத்திவிட்டு, "மறுபடி படி" என்றார். டெரிஃபிலின் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த பவானிக்காரர்கிட்ட, நைட் ஷிப்ட்ல எப்படிச் சமாளிச்சாருன்னு கேளு" என்றார். ஐயா, கொஞ்சம் சொல்லுங்கள்.

பவானிக்காரன்

நைட் ஷிப்டில் ஆரம்பிக்கவே கூடாது அம்மிணி. பகல் ஷிப்டுக்கு மாறுகிற வாரத்தின் முதல் நாளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மோசமான நாட்கள் பகலிலேயே போய்விடும். நைட் வரும்போது விடியற்காலை மூன்று, நாலு மணிதான் கஷ்டம். தூக்கத்துக்கும் பீடி ஆசைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நேரத்துக்கு முன்னால் டீ குடிக்காமல், கம் ஒன்றை மருந்தாளுநர் அம்மா சொன்ன மாதிரி ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்து நடக்கட்டும். மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி கட்டிக்கொண்டு தறி ஓட்டச் சொல்லுங்கள், பஞ்சுத் தூசியும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் மிச்சம் இருக்கிற கட்டுகளை, விடுகிற நாளுக்கு முந்தின ராத்திரியே தண்ணீரில் போட்டுவிடுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். என் பள்ளிபாளையத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் விட்டுவிட்டு அங்கேயே இன்னும் தறி ஓட்டுகிறார்கள். அப்பா பேச விரும்பினால் தனிச்செய்தியில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே அவரைக் கூப்பிடுகிறேன்.