புது நகராட்சி அலுவலகம்: மேற்கே கண்ணாடி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வரிப்பிரிவு உதவியாளர்:
எங்கள் நகராட்சிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. வரைபடத்தைப் போன வாரம் ஆணையர் அறை வாசலில் ஒட்டினார்கள். ஊழியர்கள் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாமாம்.

எனக்கு இங்கே இருபத்திரண்டு வருடம். முதல் பன்னிரண்டு வருடம் பழைய கட்டடம்: மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை), பதினான்கு அடி உயரம், மே மாதத்திலும் மின்விசிறியே போதும். அப்புறம் பின்னால் கட்டிய பகுதிக்கு மாற்றினார்கள். பத்தடி உயரக் கான்கிரீட் தளம், மேற்கே நீளமாக ஜன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக என் மேசைக்கு வரும். பழைய டிமாண்ட் ரிஜிஸ்டர் அட்டையை ஜன்னல் கம்பியில் செருகித்தான் கணினித் திரையைப் பார்க்கிறேன். வெயிலுக்கு அட்டை, இருட்டுக்கு டியூப்லைட்!

புது வரைபடத்திலும் முகப்பு மேற்கு. தரையிலிருந்து மாடி வரை கண்ணாடி. கேட்டால், 'ஏசி போட்டுடுவோம்மா' என்கிறார் பொறியாளர். ஏசி யார் அறைக்கு வரும், யார் அறைக்கு வராது என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, பிரிவுக்குப் பிரிவு செங்கல் சுவர் வைத்துத் தனி அறை. நான் சேர்ந்தபோது மார்ச் மாதம் வரி கட்டும் வரிசை கேட் வரை நிற்கும். இப்போது பாதிப் பேர் ஆன்லைனில் கட்டுகிறார்கள், கவுண்டரில் இரண்டு பேர் போதும். நாளைக்கு எந்தப் பிரிவு பெருகும், எது சுருங்கும் என்று யாருக்குத் தெரியும்? 2024-ல் புதுக்கோட்டை, நாமக்கல் எல்லாம் மாநகராட்சி ஆயின. நாளை நாங்களும் ஆகலாம். ஒரு பக்கத்துக்குள் என்ன எழுதலாம்?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
அம்மா, சாலை மேற்கே இருந்தால் முகப்பைத் திருப்ப முடியாது. ஆனால் மேற்குச் சுவரை ஒட்டி எதை வைப்பது என்று கேட்கலாம். மாடிப்படி, கழிப்பறை, பழைய ரிஜிஸ்டர்களை வைக்கும் பதிவறை இவற்றை அங்கே தள்ளுங்கள், வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். 'சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் நீட்டும் சன்ஷேடு) இருக்கிறதே' என்பார்கள். சஜ்ஜா தெற்குக்குத்தான் சரி. மாலை வெயில் தாழ்ந்து வருவதால் அதற்கு அடியில் நுழைந்துவிடும். மேற்குக்குச் செங்குத்துத் தடுப்போ, ஜாலி (துளைகள் விட்ட தடுப்புச் சுவர்) வைத்த வராந்தாவோதான் வேண்டும்.

பாரத்தைப் பில்லரும் பீமும் தாங்கட்டும், உள்ளே பிரிப்பதற்குப் பலகைத் தடுப்பு போதும். பதிவறைத் தளத்துக்கு மட்டும் பாரத்தைத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். அறை மாற்றுகிறோம் என்று சாதாரணத் தளத்தில் ரிஜிஸ்டர்களை அடுக்கி, பீமில் விரிசல் விட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மெல்பர்ன்வாசி:
அக்கா, இங்கே மாநகராட்சி ஊழியர்களுக்கென்றே 2006-ல் திறந்த கட்டடம் ஒன்று இருக்கிறது: கவுன்சில் ஹவுஸ் 2, பத்து மாடி. மேற்கு முகம் முழுக்கப் பழைய மரத்தில் செய்த தடுப்புகள். வெயில் திரும்பத் திரும்ப அவையும் திரும்பும். காற்று தரைக்கு அடியிலிருந்து வருகிறது, அதனால் மேசைகளை எங்கே நகர்த்தினாலும் பெரிய வேலை இல்லை.

ஆனால் அப்படியே காப்பி அடிக்கச் சொல்லாதீர்கள். இரவில் ஜன்னல்கள் தானாகத் திறந்து கான்கிரீட் கூரையைக் குளிரவைக்கும் என்பது அங்கே பெரிய விஷயம். இங்கே கோடையிலும் பல இரவுகள் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் ஊர் மே மாத இரவில் 28 டிகிரி. ஜன்னலைத் திறந்தால் கொசுதான் வரும்.

சந்தேகி:
டெண்டர் முடிந்திருந்தால் நீங்கள் எழுதுவது ஃபைலுக்குத்தான்.

வரிப்பிரிவு உதவியாளர்:
டெண்டர் இன்னும் விடவில்லை, அதனால்தான் இந்த அவசரம். ஐயா சொன்ன பதிவறை விஷயத்தை முதல் பத்தியாக வைத்துவிட்டேன், செலவில்லாத யோசனை என்பதால். மெல்பர்ன் தம்பிக்கும் நன்றி, கொசு உட்பட.

இன்று மூன்றரைக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று பொறியாளரை என் மேசைக்கு வரவழைத்தேன். 'உட்காருங்க சார்' என்று என் நாற்காலியையே கொடுத்துவிட்டு, ஜன்னல் அட்டையை உருவினேன். இரண்டு முறை நாற்காலியை நகர்த்திப் பார்த்தார். மூன்றாவது முறை எழுந்து நின்றுகொண்டார். 'பதிவறைக்கு எத்தனை அடி வேணும்னு சொன்னீங்க?' என்றார்.