பூங்காக் காணியில் கத்தரியா, கரப்பந்தா?

கிளுவைவேலி:
யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் பிரதேச சபையின் பூங்காக் காணி ஆறு பரப்பு (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) இருக்கிறது. 2022இல் மரக்கறி விலை ஏறி, அரச உத்தியோகத்தருக்கே வெள்ளிக்கிழமை லீவு விட்டுத் தோட்டம் செய்யச் சொன்ன காலத்தில், வளவில்லாத வாடகை வீட்டுக்காரர் சிலர் ஒரு மூலையைக் கொத்தத் தொடங்கினோம். அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது பொடியள் நெட் கட்ட இடமில்லை என்கிறார்கள், பின்னேரம் நடக்க வருபவர்கள் மாட்டெரு மணக்கிறதாம். போன கிழமை பந்து எடுக்க வந்தவன் காய் பிடித்த இரண்டு கத்தரிக் கன்றை மிதித்துவிட்டான். கோபம்தான், ஆனால் அவனும் எங்கே போய் விளையாடுவான்? என்ன செய்யலாம்?

பின்னேரநடை:
நடக்க வருகிற ஆள் நான்தான். மாட்டெரு பரவாயில்லை, பழைய சீலையும் தகரமும் கட்டிய உங்கள் வேலிதான் பிரச்சினை. மூலையில் தொடங்கியது இப்போது பாதிக் காணி. யாழ்ப்பாணத்தில் வேலி நகர்வதைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்! கரப்பந்துக் களம் 18க்கு 9 மீட்டர், சுற்றிவர 3 மீட்டர் விட்டாலும் ஒன்றரைப் பரப்புக்குள் அடங்கும். இடம் இருக்கிறது, மனம்தான் இல்லை.

ஹரோவாசி:
இங்கே லண்டனில் கவுன்சில் தரும் தோட்டத் துண்டு வழக்கமாக 10 ரொட் (பழைய ஆங்கிலேய நில அளவு), கணக்குப் பார்த்தால் அச்சொட்டாக நம்முடைய ஒரு பரப்பு. நான் அரைத் துண்டுதான் வைத்திருக்கிறேன், அதிலேயே வெங்காயத்தாள் மிஞ்சி அயலுக்குக் கொடுக்கிறேன். வருட வாடகை உண்டு, புல் வளரவிட்டால் கடிதம் வரும், பிறகும் திருந்தாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். உங்களிடம் சபை தந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா?

செம்பாட்டான்:
எல்லோரும் நிலத்தையே அளக்கிறீர்கள், தண்ணீர்? நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைத்தண்ணீர்தான். பொடியள் விளையாடிவிட்டு அந்தப் பூங்காக் கிணற்றில்தானே குடிப்பார்கள்? பாத்திக்குப் போடும் யூரியா கரைந்து நைத்திரேற்றாக அதற்குள்தான் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை, குடாநாட்டின் வலிகாமப் பக்கத்தில் அதைத் தாண்டிய தோட்டக் கிணறுகள் எத்தனையோ. முதலில் யூரியாவை நிறுத்துங்கள், பாத்தி எத்தனை என்று பிறகு கதைக்கலாம்.

கிளுவைவேலி:
எழுத்து ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். யூரியா நான் போடுவதில்லை, பக்கத்துப் பாத்திக்காரர் போடுகிறார், கேட்கிறேன். சரி, வேலியைக் கழற்றலாம். கட்டாக்காலி மாட்டுக்கு என்ன பதில் சொல்ல?